சுமைதாங்கி: சிலுவை, பாவம், மன்னிப்பு குறித்துத் தென்னார்க்காட்டு மண்ணிலிருந்து ஓர் ஆய்வு

பனமலை என்ற பேரிலேயே பனை நிற்கிறது. விழுப்புரம் மாவட்டத்தின் அந்தக் குன்றின்மேல் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் கட்டிய சிவன் கோயிலின் இறைவனுக்குத் தாளகிரீசுவரர் என்று பெயர். தாளம் என்றாலும் பனைதான். இந்தப் பக்கத்துக் கிறித்தவர்களின் ஆண்டும் ஓலையைச் சுற்றியே நகர்கிறது. குருத்தோலை ஞாயிறன்று கையில் ஏந்திவந்த ஓலையைச் சிறு சிலுவையாக முடைந்து, வீட்டில் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். அடுத்த தவக்காலம் வருவதற்குள் அது காய்ந்து சருகாகிவிடும். அதைத் திரும்ப வாங்கி எரித்த சாம்பலைத்தான் சாம்பல் புதனன்று குருவானவர் நெற்றியில் சிலுவையாகப் பூசுகிறார். வரவேற்புக்காக வெட்டிய ஓலையே மனம் வருந்துவதற்கான சாம்பலாகவும் ஆகிறது.

நெற்றியில் சாம்பலோடு வீடு திரும்பும் எவருக்கும் ஒரு கேள்வி எழுந்தே தீரும். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் அதை நேராகவே கேட்டுவிடுவார்கள். எங்கோ எருசலேமில் 2000 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கொல்லப்பட்டதற்கும், இன்று நான் செய்யும் பாவத்துக்கும் என்ன தொடர்பு? கடவுள் நல்லவர் என்றால் சும்மா மன்னித்துவிட்டுப் போகலாமே, ஒருவர் ஏன் சாக வேண்டும்?

இந்தக் கேள்விக்குத் திருச்சபை இருபது நூற்றாண்டுகளாகப் பல விடைகளைச் சொல்லி வந்திருக்கிறது. அவற்றைத் தொகுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. ஆனால் அந்த விடைகளை உரோமையிலும் ஜெர்மனியிலும் நின்று பார்ப்பதைவிட, பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தின் கதைகளோடு ஒட்டவைத்துப் பார்க்க விரும்புகிறேன். கடன், பலி, மன்னிப்பு ஆகிய மூன்றைப் பற்றியும் கிறித்தவம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மண்ணில் கதைகள் வேர்விட்டிருந்தன. சிலுவையைப் புரிந்துகொள்ளத் தேவையான ஒரு சொல்லும் நம் மொழியிலேயே ஆயத்தமாக இருந்தது. அந்தச் சொல், பொறுத்தல்.

அவமானத்தின் மரம்

தங்கச் சிலுவையைக் கழுத்தில் அணிந்து பழகிவிட்ட நமக்கு அது ஒரு கொலைக்கருவி என்பது மறந்துபோகிறது. உரோமையர் அடிமைகளையும் கலகக்காரர்களையும் கொல்ல வைத்திருந்த தண்டனை அது. உரோமைக் குடிமக்களைப் பொதுவாக அப்படிக் கொல்வதில்லை. கி.மு. 71இல் ஸ்பார்டகஸின் அடிமைப் புரட்சி தோற்றபோது, பிடிபட்ட சுமார் 6000 பேரை ஆப்பியன் நெடுஞ்சாலை ஓரமாக வரிசையாகச் சிலுவைகளில் அறைந்தார்கள். வழிப்போக்கர்கள் பார்க்க வேண்டும், பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதே நோக்கம். 1968இல் எருசலேமின் வடக்கே ஒரு கல்லறையில் யெகோகனான் என்பவரின் குதிகால் எலும்பு கிடைத்தது. அதில் இரும்பு ஆணி இன்னும் தைத்தபடியே இருந்தது.

இயேசு இப்படிக் கொல்லப்பட்டதை வரலாற்றாசிரியர்கள் ஐயத்துக்கு இடமற்ற செய்தியாகவே கொள்கிறார்கள். கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட பொந்தியு பிலாத்துவின் காலம். ஆண்டு 30 அல்லது 33 என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. கிறித்தவர் மீது எந்தப் பரிவும் இல்லாத உரோமை வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் குறித்து வைத்தார்.

உரோமை நகரின் பாலட்டைன் குன்றில் ஒரு சுவர்க் கிறுக்கல் கிடைத்திருக்கிறது. கழுதைத் தலையோடு ஒருவன் சிலுவையில் தொங்குகிறான், கீழே ஒருவன் அவனைத் தொழுகிறான். சிலுவையில் செத்தவனைக் கும்பிடுவதை அக்கால ஊர் எப்படிப் பார்த்தது என்பதற்கு அந்தக் கேலிப்படமே சாட்சி. தமிழருக்கு அந்த அதிர்ச்சி எட்ட வேண்டுமானால் கழுமரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். நம் மொழிக்கு அந்தச் சொல்கூட வெளியிலிருந்துதான் வந்தது. சிரியாக் மொழி வழியே சிலுவை, போர்த்துக்கீசிய மொழி வழியே குருசு.

ஆகவே முதல் சீடர்களின் முதல் வேலை கொள்கை வகுப்பதாக இருக்கவில்லை. இந்த அவமானச் சாவுக்கு என்ன பொருள் என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்கள் தங்கள் பழைய மறைநூலைப் புரட்டினார்கள். எசாயா நூலில் பிறருடைய குற்றங்களைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு வாய்திறவாமல் போகும் ஊழியனைக் கண்டார்கள். அங்கிருந்துதான் எல்லா விளக்கங்களும் கிளைத்தன.

பாவம் என்ற சொல்லின் இரு முகங்கள்

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் பாவத்துக்கான முதன்மைச் சொல் ஹமார்த்தியா. வில்லாளியின் அம்பு குறி தவறுவதைச் சொல்ல வழங்கிய வேரிலிருந்து வந்தது. அதைத் தமிழில் சொல்ல வந்த மறைப்பணியாளர்கள் புதுச்சொல் படைக்கவில்லை, ஏற்கெனவே மக்கள் வாயில் இருந்த பாவத்தை எடுத்துக்கொண்டார்கள். இயேசு சபையைச் சேர்ந்த என்றிக்கே என்றிக்கஸ் 1580இல் கொச்சியில் அச்சிட்ட தமிழ் நூல் முழுக்கவும் பாவ அறிக்கை செய்வதற்கான கையேடுதான். தமிழ் அச்சு பிறந்து இரண்டே ஆண்டுகளில் தமிழர் தங்கள் மனச்சான்றை ஆராய ஒரு நூல் வந்துவிட்டது.

ஆனால் எடுத்துக்கொண்ட சொல் தன் பழைய வரலாற்றையும் கூடவே கொண்டுவந்தது. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இருக்கிறது. சமணத்தில் வினை என்பது உயிரின்மேல் ஒட்டிக்கொள்ளும் ஒன்று. தன் வினையைத் தானே தவத்தால் உதிர்க்க வேண்டும், மற்றவர் தலையிட இடமில்லை. செய்தவன் பொறுப்பைச் செய்தவனிடமே விடும் அந்த நேர்மை மதிக்கத்தக்கது. கிறித்தவம் அதே சொல்லை வேறோர் இடத்தில் வைக்கிறது. பாவம் உயிரில் ஒட்டிய தூசு என்பதைவிட, இருவருக்கு இடையே விழுந்த முறிவு. மனிதனுக்கும் கடவுளுக்கும் நடுவில், மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவில். தூசு என்றால் தனியாகத் தட்டிக்கொள்ளலாம். முறிவு என்றால் மறுபக்கத்தில் இருப்பவரும் வந்தால்தான் ஒட்டும். மன்னிப்பு ஏன் ஒரு கொடையாகவே வர வேண்டும் என்பதற்கான முதல் காரணம் இதுதான்.

இந்த முறிவு எவ்வளவு ஆழமானது என்பதில் கிறித்தவருக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. மனிதன் முயன்றால் பாவமின்றி வாழலாம் என்றார் பெலாஜியுஸ். இல்லை, பிறப்பிலேயே நம் விருப்பம் வளைந்துபோயிருக்கிறது, அருள் இல்லாமல் நிமிராது என்றார் அகுஸ்தீன். 418இல் கார்த்தேஜ் சங்கம் அகுஸ்தீனின் பக்கம் நின்றது. தமிழில் சென்மப் பாவம் என்று வழங்கியது இந்தப் போதனைதான். கீழைத் திருச்சபையினர் இதைச் சற்று வேறாகச் சொல்கிறார்கள். ஆதாமிடமிருந்து நமக்கு வருவது குற்றப்பொறுப்பு இல்லை, சாவும் அதன் அச்சமுமே என்பது அவர்கள் பார்வை. அவர்களுக்குப் பாவம் ஒரு நோய், கிறிஸ்து மருத்துவர். மேலை உலகம் நீதிமன்றத்தில் நின்று பேசியதைக் கீழை உலகம் நோயாளியின் கட்டிலருகே நின்று பேசியது.

தமிழில் இந்தச் சொல்லுக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காத இன்னொரு முகம் உண்டு. அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்து நாம் 'ஐயோ பாவம்' என்கிறோம். அங்கே பாவம் இரக்கத்தின் பெயர். செய்தவனின் குற்றத்துக்கும் பட்டவனின் துயரத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது நம் மொழி. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, பாவமறியாத ஒருவரைக் கடவுள் நமக்காகப் பாவமாகவே ஆக்கினார் என்ற கடினமான கருத்தைச் சொல்கிறார். உரையாசிரியர்கள் அதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதியிருக்கிறார்கள். பெரிய வெள்ளியன்று சிலுவையைப் பார்த்து 'பாவம்' என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும் ஒரு கிழவிக்கு அந்த விளக்கம் அதிகம் தேவைப்படாது. அவள் வாயில் இரண்டு பொருளும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன.

கடனும் ஓலையும்

இந்த வட்டாரத்தில் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழும் ஊர்கள் உண்டு. இயேசு கற்பித்த மன்றாட்டை இருவரும் சொல்கிறார்கள், ஆனால் ஒரே இடத்தில் சொல் மாறுகிறது. சீர்திருத்தச் சபையினர் கடன்களை மன்னிக்கக் கேட்கிறார்கள், கத்தோலிக்கர் குற்றங்களைப் பொறுக்கக் கேட்கிறார்கள். மத்தேயுவின் கிரேக்கத்தில் இருப்பது கடன் என்ற சொல்தான். இயேசு பேசிய அரமேய மொழியில் பாவத்துக்கும் கடனுக்கும் ஹோபா என்று ஒரே சொல். ஆகவே அவர் உவமைகளில் வட்டிக்காரரும் கடனாளியும் அடிக்கடி வருவதில் வியப்பில்லை.

கடன் என்றதும் இந்த மண்ணுக்குத் திருவெண்ணெய்நல்லூர் நினைவுக்கு வரும். சுந்தரரின் திருமணப் பந்தலில் ஒரு முதியவர் வந்து, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை என்று வழக்காடுகிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப்போடுகிறார். அது படி, மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் முதியவர். அங்கே கையெழுத்து ஒத்துப்போகிறது, வழக்குத் தோற்கிறது. தோற்றதுதான் சுந்தரரின் பேறு, ஏனென்றால் ஆண்டான் சிவன். பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டுமா என்ற கேள்வி, ஆதாமின் பிழை நம்மைக் கட்டுமா என்ற அகுஸ்தீனின் கேள்விக்கு வெகு அருகில் நிற்கிறது.

கொலோசையருக்கு எழுதிய மடலிலும் ஒரு கையெழுத்து ஓலை வருகிறது. அது நமக்கு எதிரான கடன்முறி. கடவுள் அதை அழித்துச் சிலுவையில் ஆணியடித்துவிட்டார் என்கிறது அந்த மடல். வெண்ணெய்நல்லூரில் கடனாளி கிழித்த ஓலை செல்லவில்லை. இங்கே கடன் கொடுத்தவரே முறியை எடுத்து ஆணியடிக்கிறார். இரண்டு கதைகளும் மனிதன் கடவுளுக்குச் சொந்தமானவன் என்பதில் ஒத்துப்போகின்றன. ஒன்று ஓலையைக் காட்டி அழைக்கிறது, மற்றொன்று ஓலையை அழித்து அழைக்கிறது.

கடன் என்ற உருவகத்தை எடுத்துக்கொண்டவர்கள் அதை வெவ்வேறு திசையில் இழுத்தார்கள். மனிதன் சாத்தானுக்கு அடிமைப்பட்டிருந்தான், இயேசு மீட்புப்பணம் ஆனார் என்பது முற்காலத் தந்தையரின் பேச்சு. நிசாவின் கிரகோரி ஒரு படி மேலே போய், தூண்டிலில் புழுவைக் கண்டு விழுங்கும் மீனைப்போலச் சாத்தான் இயேசுவின் மனிதத்தைக் கண்டு ஏமாந்து கடவுளின் வல்லமையில் சிக்கிக்கொண்டான் என்றார். 1098இல் காண்டர்பரி பேராயர் ஆன்செல்ம் எழுதி முடித்த நூல் சாத்தானைக் கணக்கிலிருந்தே நீக்கியது. கடவுளுக்குரிய மதிப்பை மனிதன் பறித்துவிட்டான். ஈடுசெய்ய வேண்டியவன் மனிதன், ஈடுசெய்ய வல்லவர் கடவுள் மட்டுமே. ஆகவே கடவுளும் மனிதருமான ஒருவர் தேவைப்பட்டார். 16ஆம் நூற்றாண்டில் கால்வின் கணக்குப்புத்தகத்தை மூடிவிட்டு நீதிமன்றத்தைத் திறந்தார். நாம் பெற வேண்டிய தண்டனையை இயேசு நமக்குப் பதிலாக ஏற்றார் என்றார்.

நம் ஊர்ச் சுவிசேஷக் கூட்டங்களில் இன்றும் அதிகம் கேட்பது இந்தக் கடைசி விளக்கம்தான். அதன் பலம், பாவத்தை அது விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதது. அதன் ஆபத்து, கோபக்காரத் தந்தையும் அடிவாங்கும் மகனுமாகக் கடவுளையே இரண்டாகப் பிளந்துவிடுவது. சிலுவையில் இருப்பவரும் கடவுள்தான் என்பதை மறந்தால் கால்வினின் போதனையே கால்வினுக்கு எதிராகிவிடும்.

பலி யாருக்காக

பலி என்ற சொல்லும் இங்கே புதிதில்லை. உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே கூவாகத்தில் சித்திரைதோறும் அரவான் களப்பலி நடக்கிறது. பாண்டவர் வெல்ல 32 இலக்கணமும் பொருந்திய ஒருவன் தேவை. கண்ணனையும் அருச்சுனனையும் விட்டால் இருப்பவன் அரவான். சாகுமுன் மணமுடிக்க விரும்புகிறான், மறுநாள் சாகப்போகிறவனுக்குப் பெண் கொடுக்க ஆளில்லை, கண்ணனே மோகினியாகி மணக்கிறான். அந்த மோகினியின் இடத்தில் நின்று திருநங்கையர் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து அழுகிறார்கள். ஒருவன் தன்னைத் தருவதால் மற்றவர் வாழ்வு பெறுகிறார்கள் என்பது எவ்வளவு கனமான உண்மை என்று கூவாகத்து ஒப்பாரியைக் கேட்டவருக்கு விளக்க வேண்டியதில்லை.

சிலுவையைப் பலி என்று சொல்லும்போது கிறித்தவர் சொல்வது இதிலிருந்து எங்கே பிரிகிறது? அரவான் தன் பக்கத்தாரின் வெற்றிக்காக இறக்கிறான். பவுல் உரோமையருக்கு எழுதும்போது, நாம் கடவுளுக்குப் பகைவராக இருந்தபோதே கிறிஸ்து இறந்தார் என்பதைத்தான் அழுத்திச் சொல்கிறார். பலி கொடுப்பவர் யார், கேட்பவர் யார் என்பதும் மாறுகிறது. புதிய ஏற்பாட்டில் கடவுள் பலியைக் கேட்டு வாங்குகிறவராக வருவதைவிட, தன்னைத் தருகிறவராகவே அதிகம் வருகிறார்.

சுவீடன் நாட்டு இறையியலாளர் குஸ்தாவ் ஆலேன் 1930இல் இந்த இழையை மீண்டும் எடுத்தார். முற்காலத் திருச்சபை சிலுவையை ஒரு வெற்றியாகவே பார்த்தது என்றார். பாவம், சாவு, தீய ஆற்றல்கள் ஆகியவற்றோடு கடவுள் நேரில் மோதி அவற்றைத் தோற்கடித்த களம் அது. 12ஆம் நூற்றாண்டின் பியேர் அபெலார் வேறு திசையைக் காட்டினார். சிலுவை மாற்றுவது கடவுளின் மனத்தை இல்லை, நம் மனத்தை. இவ்வளவு அன்பைக் கண்ட பிறகு நம்மால் பழையபடி இருக்க முடியாது என்பது அவர் வாதம்.

தமிழ்நாட்டுச் சிந்தனையாளர்கள் இந்த இரண்டாம் இழையோடு அதிகம் உறவாடினார்கள். பக்தி மரபில் ஊறிய ஏ.ஜே. அப்பாசாமி தண்டனைக் கணக்கைவிட அன்பின் ஈர்ப்பையே முன்வைத்தார். பின்னாளில் சென்னை மேயராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்த வெ. சக்கரை செட்டியார் 1932இல் சிலுவையையும் இந்தியச் சிந்தனையையும் பற்றித் தனி நூலே எழுதினார். கடவுள் தன்னை முற்றிலும் வெறுமையாக்கிக்கொண்ட உச்சமாக அவர் சிலுவையைக் கண்டார்.

பொறுத்தல்

இத்தனை விளக்கங்களுக்கும் அடியில் ஒரு பழைய சொல் கிடக்கிறது. எபிரேய மொழியில் நாசா என்றால் தூக்குதல், சுமத்தல். அதே சொல்லுக்கு மன்னித்தல் என்றும் பொருள். கடவுளை இரக்கமுள்ளவர் என்று விவரிக்கும் இடத்தில் மூலத்தில் இருப்பது, சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'பாவத்தைச் சுமக்கிறவர்' என்பதே. பரிகார நாளில் பாலைநிலத்துக்கு அனுப்பப்படும் வெள்ளாடு ஊராரின் குற்றங்களைச் சுமந்துபோவதாகச் சொல்லும் இடத்திலும் அதே வினைதான். எசாயாவின் ஊழியன் பலருடைய பாவத்தைச் சுமக்கும் இடத்திலும் அதேதான். பாவம் முதலில் சுமையாகவும் பின்னரே கடனாகவும் எண்ணப்பட்டது என்பதை விவிலிய அறிஞர் கேரி ஆன்டர்சன் 2009இல் வந்த தம் நூலில் விரிவாகக் காட்டினார்.

தமிழனுக்கு இது சட்டெனப் புரியும். பொறு என்றால் தாங்கு, பொறு என்றால் மன்னி. பொறை என்றால் பாரம், பொறை என்றால் மன்னிக்கும் குணம். வள்ளுவர் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரமே வைத்து, தன்னைத் தோண்டுகிறவனையும் தாங்கி நிற்கும் நிலத்தை அதன் தொடக்கத்தில் நிறுத்தினார். 'சும்மா மன்னித்துவிட்டுப் போகலாமே' என்று கேட்ட பிள்ளைக்கு நம் மொழியே விடை சொல்கிறது. சும்மா மன்னிப்பது என்று ஒன்று கிடையாது. ஒருவன் நம் பணத்தை ஏமாற்றிவிட்டான், நாம் விட்டுவிடுகிறோம். அந்த இழப்பு காற்றில் கரைந்துவிடவில்லை, நம் வீட்டில் அது இருக்கிறது. ஒருத்தி நம்மைப் பற்றிப் பொய் பரப்பினாள், நாம் பதிலுக்குப் பேசாமல் இருக்கிறோம். அந்த வலியை நாம் விழுங்கியிருக்கிறோம். மன்னிக்கிற ஒவ்வொருவரும் அடுத்தவர் இறக்கிவைத்த பாரத்தைத் தன் தோளுக்கு மாற்றிக்கொள்கிறார். கடவுள் மன்னிக்கிறார் என்றால் அவரும் சுமக்கிறார். அவர் சுமப்பது கண்ணுக்குத் தெரிந்த நாள்தான் பெரிய வெள்ளி. நான் வாசித்த எல்லா விளக்கங்களிலும் எனக்கு நிற்கும் விளக்கம் இதுவே.

திருக்கோவலூரில் அரசர் மெய்ப்பொருள் நாயனாரின் கதை உண்டு. போரில் தோற்றுக்கொண்டே இருந்த முத்தநாதன் சிவனடியார் வேடத்தில் வருகிறான், ஓலைச்சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்து வருகிறான். வணங்கிய அரசனைக் குத்துகிறான். பாய்ந்து வந்த காவலன் தத்தனை அரசன் தடுத்து, இவர் நம்மவர், ஊரார் தீங்கு செய்யாமல் எல்லைவரை கொண்டுபோய் விட்டுவா என்கிறான். முத்தநாதன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தான் என்ற செய்தியைக் கேட்ட பிறகே அரசன் உயிரை விடுகிறான். உலகின் எந்த மன்னிப்புக் கதையோடும் தலைநிமிர்ந்து நிற்கும் கதை இது.

லூக்கா தரும் சிலுவைக் காட்சியிலும் இயேசு தம்மைக் கொல்கிறவர்களுக்காகவே மன்றாடுகிறார். மிகப் பழைய சில கைப்படிகளில் அந்த வரி இல்லை, அறிஞர்களிடையே அதுபற்றி விவாதம் உண்டு. ஆனால் இயேசுவின் வாழ்வும் போதனையும் முழுக்க அந்த வரியின் பக்கம்தான் நிற்கின்றன. மெய்ப்பொருளார் திருநீற்று வேடத்தைப் போற்றி, அதை அணிந்தவனை நம்மவர் என்றார். சிலுவையின் கீழ் நின்ற படைவீரர்களிடம் அப்படிப் போற்றத்தக்க வேடம் எதுவும் இல்லை. அவர்களின் அறியாமை ஒன்றே அவர்களுக்காக எடுத்துச் சொல்லக் கிடைத்தது. வேடத்தில் கடவுளைக் கண்ட பொறையும், வேடமே இல்லாதவனுக்காக மன்றாடிய பொறையும் ஒன்றையொன்று தாழ்த்தாமல் அருகருகே நிற்கின்றன.

தமிழ்நாட்டின் பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கற்கள் இருந்தன, சில இடங்களில் இன்னும் இருக்கின்றன. இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் கிடத்தியிருக்கும். தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியின்றி அதன்மேல் இறக்கி வைத்து இளைப்பாறலாம். ஜான் பனியனின் பயணக் கதையில் சிலுவையடியில்தான் பயணியின் முதுகுச் சுமை கழன்று உருள்கிறது. அந்தக் கதையைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம் அதைக் கம்பன் மரபில் தமிழ்க் காப்பியமாக்கியது. எனக்கென்னவோ பாதையோரத்துக் கல்லைப் பார்க்கும்போதே அந்தக் காட்சி முழுமையாகிறது.

மன்னிப்பைப் பெறும் வழி

மன்னிப்பு எப்படி வந்து சேர்கிறது என்பதில் சபைகள் பிரிந்தன. கத்தோலிக்கர் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறார்கள். 1973இல் வந்த புதிய சடங்குமுறைக்குப் பிறகு தமிழில் ஒப்புரவு அருளடையாளம் என்ற பெயர் பரவியது. அறிக்கையிடுவதிலிருந்து உறவு ஒட்டுவதற்கு அழுத்தம் நகர்ந்ததை அந்தப் பெயர்மாற்றமே சொல்கிறது. மார்ட்டின் லூதர் 1517இல் பாவப் பரிகாரச் சீட்டு விற்பனையை எதிர்த்தபோது, மனந்திரும்புதல் ஒரு நாள் சடங்கில்லை, வாழ்நாள் முழுவதற்குமானது என்பதிலேயே தொடங்கினார். நம்பிக்கையால் மட்டுமே மனிதன் நீதிமானாக ஏற்கப்படுகிறான் என்ற அவர் போதனைக்காக ஐரோப்பா இரண்டாகப் பிளந்தது. 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்கில் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் இந்தக் கேள்வியில் அடிப்படை உடன்பாட்டை அறிவித்துக் கையெழுத்திட்டார்கள். நம் செயலால் சம்பாதித்து இல்லை, அருளால் ஏற்கப்படுகிறோம், ஏற்கப்பட்டவர் நற்செயலுக்கு ஆயத்தமாகிறோம் என்பது அதன் சாரம்.

யார் சுமப்பது?

இங்கே ஒரு கடினமான கேள்வி குறுக்கே நிற்கிறது. பொறு என்ற சொல்லை நம் ஊரில் அதிகம் யாரிடம் சொல்கிறார்கள்? அடிவாங்கும் மனைவியிடம் 'பொறுத்துப் போ' என்கிறார்கள். சேரிக்காரரிடம் சொல்கிறார்கள். சிலுவையைச் சுட்டிக்காட்டியே சொல்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது சிலுவை மறுபடியும் உரோமையரின் கைக்கருவி ஆகிவிடுகிறது.

கிறித்தவக் கோயிலுக்குள்ளேயே சாதிச் சுவர் இருந்ததற்கும் அதன்மேல் எழுந்த தகராறுக்கும் சாட்சி புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1745இல் எழுதிய நாட்குறிப்பிலேயே இருக்கிறது. லைப்சிக் மிஷன் சாதி வழக்கத்தோடு சமரசம் செய்ததை ஏற்க முடியாமல் பிரிந்த கார்ல் ஆக்ஸ் 1860களில் மேல்பட்டாம்பாக்கத்தில் தொடங்கிய பணி, டேனிஷ் மிஷன் வழியே ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தது. அதன் பிறகும் புண் ஆறவில்லை. அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டுப் போராடியதை ஒட்டி 2008 மார்ச்சில் மோதல் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். இறந்தவர்கள் யார் பக்கம் என்று எண்ணுவதற்கு முன், ஒரே அப்பத்தைப் பகிர்கிறவர்கள் ஒரே தெருவைப் பகிர முடியவில்லை என்பதை நாம் பாவ அறிக்கையாகச் சொல்ல வேண்டும்.

1980களில் அரவிந்த் நிர்மல் சென்னை குருகுல் இறையியல் கல்லூரியிலிருந்து தலித் இறையியலை வளர்த்தபோது, இயேசுவே ஒடுக்கப்பட்டவர், அதன் உச்ச அடையாளம் சிலுவை என்றார். இந்த வாசிப்பு பாவத்தின் முகவரியை மாற்றுகிறது. பாவம் தனிமனிதனின் இரகசியக் குற்றம் மட்டுமில்லை, ஒருவரைத் தொடாமலும் பார்க்காமலும் இருக்கச் செய்யும் ஏற்பாடும் பாவமே. சிலுவையில் இருப்பவர் அந்த ஏற்பாட்டால் நசுக்கப்பட்டவர் பக்கம் இருக்கிறார்.

பொறு என்ற வேரிலிருந்து தமிழில் இன்னொரு சொல்லும் வந்திருக்கிறது. பொறுப்பு. இதை மறந்துவிட்டுப் பொறுமையை மட்டும் போதிப்பது பாதி நற்செய்தி. மன்னிக்க வேண்டியவர் சுமக்கிறார் என்றால், மன்னிப்புக் கேட்பவரும் தன் பங்கைத் தோளில் ஏற்ற வேண்டும். லூக்கா சொல்லும் சக்கேயு என்ற வரிக்காரர் இயேசு தம் வீட்டுக்கு வந்த அன்றே, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார். அவருக்கு மன்னிப்புக் கிடைத்ததற்கு அடையாளம் அதுதான். திருப்பித் தராமல் கேட்கும் மன்னிப்பு, பாரத்தை மறுபடி அதே ஏழையின் தலையில் ஏற்றுவது. பாதிக்கப்பட்டவரிடம் பொறுமை கேட்கும் தகுதி, பொறுப்பேற்காதவருக்கு இல்லை.

திண்டிவனத்தில் ஓர் இரவு

சிலுவை மனத்தை மாற்றும் என்ற அபெலாரின் விளக்கத்துக்கு இந்த வட்டாரத்திலேயே ஒரு சான்று உண்டு. 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் நிறுவிய அமெரிக்க ஆற்காடு மிஷனின் திண்டிவனம் பங்களாவில், 1890 வாக்கில் 20 வயது ஐடா ஸ்கடர் தங்கியிருந்தார். மறைப்பணியாளராகவே கூடாது என்று உறுதியாக இருந்த பெண். ஓர் இரவில் மூன்று வீட்டு ஆண்கள், மூன்று வெவ்வேறு சமூகத்தவர், அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்றக் கேட்டார்கள். மருத்துவரான அவர் தந்தையை அனுப்புவதாக ஐடா சொன்னார். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900இல் வேலூரில் தொடங்கிய சிறு மருந்தகம்தான் பின்னாளில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

சுமைதாங்கிக் கல்லைப் பற்றி இன்னொன்றைச் சொல்லாமல் விட்டிருந்தேன். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகவே அதை நடுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாத பாரத்தோடு போனவளுக்காக, மற்றவர் பாரத்தை இறக்கி வைக்க ஓரிடம். திண்டிவனத்தின் அந்த மூன்று பெண்களுக்கு யாராவது கல் நட்டார்களோ இல்லையோ, அவர்கள் சாவைத் தன்மேல் ஏற்றிக்கொண்ட ஒருத்தி அப்படி ஓரிடத்தைக் கட்டினாள். அந்தச் சாவுகள் அவள் குற்றமில்லை. ஆனாலும் பொறுப்பு தன்னுடையது என்றாள். சிலுவையின் பொருள் ஒரு மனித வாழ்க்கைக்குள் இறங்கும்போது அது இப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

வரிசை

கடன் தீர்ப்பவர், தண்டனை ஏற்பவர், வெற்றிவீரர், மருத்துவர், அன்பின் ஈர்ப்பு, ஒடுக்கப்பட்டவரின் தோழர். இந்த விளக்கங்களில் எதுவும் தனியாகச் சிலுவையை முழுதாகச் சொல்லிவிடாது. திருச்சபையின் பெருஞ்சங்கங்கள் கிறிஸ்து யார் என்பதை வரையறுத்ததுபோல, சிலுவை எப்படி மீட்கிறது என்பதற்கு ஒற்றை வரையறை தந்ததில்லை. எல்லா விளக்கங்களுக்கும் அடியில் இருப்பது ஒன்று: ஒருவர் சுமந்தார்.

பெரிய வெள்ளி மாலையில் கோயிலில் மரச்சிலுவையை நடுவில் பிடித்திருப்பார்கள். மக்கள் ஒவ்வொருவராக வந்து முழந்தாளிட்டு அதை முத்தம் செய்வார்கள். முத்தமிட ஒரு நொடிதான் ஆகும், வரிசையில் நிற்கும் நேரம்தான் அதிகம். நான் நம்பும் மன்னிப்பு மெய்யா பொய்யா என்பது முத்தத்தில் தெரியாது, அந்த வரிசையில் தெரியும். எந்தத் தெருக்காரர் எனக்கு முன்னால் நிற்கிறார், யார் உதடு பட்ட மரத்தில் என் உதடு படப்போகிறது, அதற்காக என் கால் ஓர் அடி பின்வாங்குகிறதா என்பதில்தான்.